நூற்றுக்கு எண்பத்தைந்து

குஞ்சு பொரிப்பகத்தில் அவருக்குக் கோழியம்மா என்று பெயர். ஆறடி உயரமும், தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரிக் குரலும் உள்ள ஒரு மனிதரை அம்மா என்று கூப்பிட முதலில் யாருக்கு மனம் வந்ததோ தெரியவில்லை. வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. முட்டை ஏற்றி வரும் லாரிக்காரரிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் கோழியம்மாதான். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளூர அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வந்தது என்னவோ மூன்று நாள் வேலைக்கு. அடைகாக்கும் இயந்திரங்களில் வயர் எரிந்துபோயிற்று, மாற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்று கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் யாரோ ஒரு பெட்டியின் கதவைத் திறந்தார்கள். தட்டுத் தட்டாகக் குஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, சந்தை கூடின மாதிரிச் சத்தம். முந்தின நாள் வரை வாயில்லாமல் கிடந்த முட்டைகள். கையில் திருப்புளியோடு நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

வேலை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை என்பார். கோழி செய்வதை நாம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கோழி தன் வயிற்றுச் சூட்டைக் கொடுக்கும். இங்கே இயந்திரம் கொடுக்கிறது. கோழி அலகால் முட்டையைப் புரட்டும். இங்கே மணிக்கொரு தரம் தட்டு தானே சாய்ந்துகொள்கிறது. பதினெட்டாம் நாள் முட்டைக்கு அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்து, உயிர் பிடிக்காததை எடுத்துவிட்டு, மற்றதைப் பொரிக்கும் பெட்டிக்கு மாற்ற வேண்டும். அதோடு கதவைச் சாத்தினால் இருபத்தோராம் நாள் காலையில்தான் திறக்க வேண்டும். நடுவில் ஆசைக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் போயிற்று. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே ஓடிவிடும், சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், ஓட்டை உடைத்த குஞ்சு வெளியே வர முடியாமல் செத்துப்போகும். ஒரு தரம் முதலாளியே விருந்தாளிகளை அழைத்து வந்து, கொஞ்சம் திறந்து காட்டு என்றார். கோழியம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார். வேலை போனாலும் போகட்டும் என்று நின்றார். போகவில்லை.

வினை ஆரம்பித்தது அந்த இடத்தில்தான். கதவை மறித்து நின்று நின்று, அவருக்கு அதுவே வேதாந்தமாகிவிட்டது. இயற்கைக்குக் குறுக்கே போகாதே. தானாகக் கனியாததைத் தடி கொண்டு அடித்தால் கனியுமா? எல்லாம் வரும்போது வரும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லியே அவர் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். வீட்டில் அலாரம் கிடையாது. தலைவலிக்கு மாத்திரை கிடையாது. மழை வந்தால் குடை பிடிக்க மாட்டார். முப்பத்தொரு வருஷமாக ஒரு கோழியைக்கூட உட்காரவிடாமல் கரண்டில் குஞ்சு பொரிக்கிற ஆசாமி இயற்கையைப் பற்றிப் பேசுகிறாரே என்று வெளியில் யாரும் கேட்டதில்லை. வீட்டில் மனைவி கேட்டிருக்கிறார்.

மனைவி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி நேரம் அறிவிக்கிறவர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம், எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கப் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருப்பதுதான் அவர் பிழைப்பு. வண்டி வரவில்லை என்றால் கேட்க வேண்டும், வரும் வரும் என்று சும்மா உட்கார்ந்திருந்தால் ஊரே நடந்துதான் போக வேண்டும் என்பது அவர் கட்சி. கணவர் ஒரு தரம் நனைந்து வந்து நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தபோது, "மழை இயற்கைன்னா, குடை செஞ்ச மனுஷன் மட்டும் என்ன தகரத்துல அடிச்சதா?" என்று கேட்டார். காய்ச்சல்காரர் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

இவர்களுக்கு ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. அப்பாவின் உயரம், அம்மாவின் வாய், பிடிவாதம் மட்டும் இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தது. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு நாள் அப்பாவோடு பொரிப்பகத்துக்குப் போனாள். அவர் அப்போது மூன்று வருஷத்து ஆள்தான். பெட்டி திறந்தாயிற்று, ஒரு முட்டையில் மட்டும் சின்னத் துளை, அதற்குள் அலகு அசைகிறது, வெளியே வரவில்லை. பாவம்ப்பா, எடுத்துவிடுங்கப்பா என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவரும் மனசு கேட்காமல் நகத்தால் ஓட்டை உரித்தார். சவ்வில் கீறல் விழுந்தது, ரத்தம் வந்தது. குஞ்சு மகளின் உள்ளங்கையில் கிடந்து கொஞ்ச நேரம் துடித்து அடங்கிவிட்டது.

குழந்தை அழவில்லை. நாம் உதவிதானே செய்தோம் என்று மட்டும் கேட்டாள். அவர் அன்றைக்கு அவளை உட்கார வைத்து விளக்கினார். சவ்வில் இருக்கிற ரத்தம் குஞ்சுக்குள் போக வேண்டும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபட வேண்டும், அது வரைக்கும் குஞ்சு காத்திருக்கிறது. பார்க்கிற நமக்குத்தான் அது சோர்ந்து கிடக்கிற மாதிரி இருக்கும். அதற்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் தெரியாது. வரும்போது வரும், தொடாதே.

மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் நாம் சொல்கிறதில் எதைக் காதில் வாங்கும், எதை விடும் என்று யாரால் சொல்ல முடியும்? பல் விளக்கு என்றால் காதில் விழாது, இது விழுந்துவிட்டது. கல்யாணத்துக்கு அம்மா அவசரப்படுத்தியபோது, வரும்போது வரும் என்று முப்பத்து மூன்று வயது வரை உட்கார்ந்திருந்தாள். வந்தது, கப்பலில் இயந்திரம் பார்க்கிற பையன், தங்கமான குணம், வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில். அதற்கடுத்த இரண்டாம் வருஷம் வயிற்றில் குழந்தை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியும் வந்தது. குழந்தை வரவில்லை.

ஒரு வாரம் தாண்டியது. செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது, ஆனால் பத்து நாளுக்கு மேல் விடுவது அவருக்கு விருப்பமில்லை, வியாழக்கிழமை காலையில் வந்து சேர்ந்தால் மருந்து ஏற்றி வலியை வரவழைக்கலாம். மகள் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, வியாழக்கிழமை போகப் போவதில்லை என்று அறிவித்துவிட்டாள். துடிப்பு நன்றாக இருக்கிறது, அசைவு நன்றாக இருக்கிறது, பிறகு எதற்குத் தொட வேண்டும்?

அம்மா வாதாடிப் பார்த்தார். கண் சரியில்லை என்று வருகிறவனிடம் இயற்கை அப்படித்தான், தடவிக்கொண்டு போ என்று சொல்லியா அனுப்புகிறாய் என்று மகளின் தொழிலை வைத்தே மடக்கினார். மகள் மசியவில்லை. கடைசியில் அம்மா கணவரின் பக்கம் திரும்பினார். "நீங்க ஏத்திவிட்டதுதானே, நீங்களே இறக்குங்க." நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை.

அவர் மகளின் அறைக்குள் போனார். என்ன பேசுவது என்று வாசல்படி வரைக்கும் யோசித்து வைத்திருந்தார். மகள் அவரைப் பேசவே விடவில்லை.

"அப்பா, உங்க பெட்டிய நீங்க முன்னாடியே திறப்பீங்களா?"

அவர் மெல்ல வெளியே வந்துவிட்டார். என்ன சொன்னாள் என்று மனைவி கேட்டார். அவள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது என்றார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அரைப்படி அரிசி வெந்திருக்கும்.

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை என்பதுதான் பரிதாபம். டாக்டர் சொல்வதை நினைத்தால் இப்போதே பையைக் கட்டிவிடலாம் போலிருந்தது. மகள் சொல்வதை நினைத்தால், அது தன் குரலிலேயே காதில் விழுந்தது. மதில் மேல் பூனையாவது எப்போதாவது ஒரு பக்கம் குதிக்கும். இவர் மதிலிலேயே குடியேறிவிட்டார். மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். கடல் இரைச்சலுக்கு நடுவில், நீங்கள் எது சொன்னாலும் சரி மாமா என்று பதில் வந்தது. அவர் எதையும் சொல்லத் தெரியாமல்தான் போன் போட்டிருந்தார். மறுநாள் காலையில் லாரிக்காரரிடம் கேட்டார். அவருக்கு மூன்று பிள்ளை. மூத்தவன் இரண்டு வாரம் கழித்துத்தான் பிறந்தான், இப்போது இரும்பு தூக்குகிற பந்தயத்துக்குப் போகிறான் என்று லாரிக்காரர் சிரித்தார். நான்காவதாக ஒன்று இருந்தது, அதற்கும் இப்படித்தான் காத்திருந்தோம் என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். குஞ்சு ஏற்ற எவ்வளவு நேரமாகும் என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். அதற்குமேல் கோழியம்மா எதையும் கேட்கவில்லை.

புதன்கிழமையான அன்றைக்கு நான்காம் பெட்டிக்கு இருபத்தோராம் நாள். திறந்தார். எப்போதும் போல அதே சந்தைச் சத்தம். குஞ்சுகளை எடுத்து அட்டைப் பெட்டிகளில் போட்டு லாரிக்கு அனுப்பினார். தட்டுகளில் உடைந்த ஓடுகளும், பொரியாத முட்டைகளும் மிச்சம்.

இதுவரை சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அவரும் இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய பொரிப்பகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பொரிந்தால் அது நல்ல வேலை. மீதிப் பதினைந்தில் சிலது விளக்கு வெளிச்சத்திலேயே கழிந்துவிடும், சிலது நடுவில் நின்றுபோயிருக்கும். ஒன்றிரண்டு மட்டும், கதவு திறக்கும்போதும் உள்ளே முட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்காக யாரும் காத்திருப்பதில்லை. லாரி நிற்கிறது, பெட்டியைக் கழுவ வேண்டும், அடுத்த முட்டைகள் வரிசையில் இருக்கின்றன. ஓட்டோடு ஓடாக எல்லாம் சாக்குக்குள் போகும். சாக்கின் வாயைக் கட்டுவது கோழியம்மாவின் வேலை. வாரத்துக்கு இரண்டு தடவை, முப்பத்தொரு வருஷமாக. கட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு தட்டை எடுத்துச் சாக்கில் கவிழ்க்கப் போனபோது, உள்ளேயிருந்து ஒரு முட்டை கீச்சென்றது. ஓட்டில் விரிசல்கூட விழவில்லை. எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். ஆனால் அன்றைக்குக் கை நின்றுவிட்டது. முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். உரித்தால் ரத்தம் வரும். விட்டால் சாக்கு. வரும்போது வரும் என்று சொல்லலாம்தான். எதற்குள் வரும், யார் அது வரைக்கும் சூடு கொடுப்பது? இவ்வளவு காலம் தான் காத்திருந்ததாக நினைத்தது எல்லாம் லாரி வருகிற வரைக்கும்தானா என்று தோன்றிவிட்டது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் அந்த ஒரு முட்டையைக் காலியான நான்காம் பெட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, சூட்டைப் போட்டார். ஒற்றை முட்டைக்காக ஒரு பெட்டி ஓடுவதை அந்த இடம் அதுவரை பார்த்ததில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டில் மனைவி இல்லை, வேலைக்குப் போயிருந்தார். மகள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தன் மூக்குக்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கி, எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தது. அவர் உட்காரவில்லை.

"நான் உனக்குப் பாதிதாம்மா சொல்லியிருக்கேன்."

"எதுல?"

"வரும்போது வரும்னு சொன்னேன்ல. வந்ததை வச்சுத்தான் சொன்னேன். வராததப் பத்திச் சொல்லவே இல்ல."

நூற்றுக்குப் பதினைந்து போகிற சாக்கைப் பற்றிச் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொள்வதைச் சொன்னார். அன்றைக்குக் காலையில் கீச்சென்றதையும் சொன்னார். வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை, முன்னும் பின்னுமாக, லாரியில் ஆரம்பித்து சாக்கில் போய், மறுபடி லாரிக்கு வந்தார். மகள் துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"நூத்துக்குப் பதினஞ்சா?"

"அது நல்ல கணக்கும்மா. அதுக்கு முதலாளி கை குலுக்குவாரு."

மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். கோபமா, பயமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "ஆனா இயற்கை அப்படித்தானேப்பா?" என்றாள்.

"அப்படித்தான். அது மேல தப்பே இல்ல. அதுக்கு நூத்துக்கு எண்பத்தஞ்சு போதும். இத்தன வருஷமா எனக்கும் அது போதும்தான். அந்த நூறுல நீ ஒண்ணுன்னா எனக்குப் போதலம்மா."

 டாக்டர் சொல்வது சரியா, அவள் சொல்வது சரியா என்று தனக்குச் சத்தியமாகத் தெரியாது என்றும் சொன்னார். நாளைக்குக் காலையிலேயே வலி தானாக வந்தாலும் வரும், அப்படி வந்தால் தன்னை முட்டாள் என்று அவள் திட்டலாம் என்றார். மகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். இதைச் சொல்ல இத்தனை வருஷமா என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"எந்திரிக்கணும், கை குடுங்க," என்றாள்.

கொடுத்தார். அவள் எழுந்து போய், அலமாரியிலிருந்து பையை இறக்கித் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். அவளுக்கு முழுச் சம்மதமா, அப்பாவின் முகத்துக்காகவா என்று அவர் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

வியாழக்கிழமை காலையில் மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் நான்கரைக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் சுகம். அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். இவரோ டாக்டரைப் பிடித்துக்கொண்டு, விட்டிருந்தால் தானாக வந்திருக்குமா, வராமல் போயிருக்குமா என்று கேட்டார். டாக்டர் கையுறையைக் கழற்றியபடி, சொல்ல முடியாது, வந்தும் இருக்கலாம் என்றார். சுற்றிச் சுற்றி மூன்று விதமாகக் கேட்டும் அதே பதில்தான். நல்லபடியாகப் பிறந்த பிறகும் மனுஷனைக் குழப்புவதற்கு டாக்டர்களால் மட்டும்தான் முடியும்.

வெள்ளிக்கிழமை காலையில் பொரிப்பகத்துக்கு ஓடினார். நான்காம் பெட்டியைக் கழுவி, புது முட்டைகளை உள்ளே ஏற்றியிருந்தார்கள். ஒற்றை முட்டை ஒன்று இருந்ததே என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சாக்கில் போட்டிருப்பார்கள் என்றார் ஒருவர். குஞ்சு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, பிடித்து லாரியில் போட்டோம் என்றார் இன்னொருவர். அது முந்தின நாளா, அதற்கு முந்தின நாளா என்று சொன்னவருக்கு ஞாபகமில்லை. கோழியம்மாவுக்கு இன்று வரைக்கும் அது தெரியாது.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் மகளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி சாப்பாடு வாங்கப் போயிருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பால் குடித்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். மகள் குழந்தையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எழுப்பணுமாப்பா? இல்ல, பசிச்சா தானா எந்திரிப்பாளா?"

பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. குனிந்து பார்த்தார். மூடின கண், கடுகளவு மூக்கு. சுகமாகத் தூங்குகிறதா, தெம்பில்லாமல் கிடக்கிறதா? இத்தனை லட்சம் குஞ்சுகளைப் பார்த்த கண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தெரியலம்மா," என்றார்.

"எனக்கும் தெரியலப்பா."

 பிறகு அவர் எழுந்து நர்சைத் தேடிப் போனார். ஓடினார் என்றே சொல்ல வேண்டும். நர்ஸ் வந்து துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தியது. முதல் சில வாரம் எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும், எடை ஏறினபிறகு எழுப்பாதீர்கள், அதுவே கேட்கும் என்று சொல்லிவிட்டு நர்ஸ் நடந்தார். இவர் நடைபாதை வரைக்கும் பின்னாலேயே போனார்.

"அந்த நாள் வந்துடுச்சுன்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

நர்சுக்கு இன்னும் நான்கு கட்டில் பாக்கி இருந்தது. "சந்தேகம்னா வந்து கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சரியென்று தலையை ஆட்டினார். உள்ளே குழந்தையின் அழுகை மெல்ல மெல்ல நின்று, பால் குடிக்கிற சத்தம் கேட்டது. கோழியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதார். எதற்கு அழுகிறீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால், அதுவும் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.